கோட்டம் எடுக்கும் கை

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் எங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கவலை பிடித்துக்கொள்ளும். ஒருவன் கியர் விகிதத்திலேயே கிடப்பான். ஒருவனுக்கு சீட்டின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடியதா குறைந்ததா என்பதில் தூக்கம் போகும். இன்னொருவன் உப்புக் கரைசல் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி எது குமட்டாது என்று குடித்துப் பார்ப்பான். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஆயத்தத்தின் அழகு முழுவதும் பின்சக்கரத்தில், அதிலும் ஃப்ரீவீல் பக்கத்துப் போக்ஸ் கம்பிகளில் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கம்பிகள் ஒத்த இழுப்பில் நிற்காத சைக்கிளில் வேறு எதைச் சீர்செய்தாலும் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

பொங்கல் கழிந்ததும் கிளம்புவது எங்கள் வழக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். காற்று மட்டும் இன்னும் வடகிழக்கிலிருந்தே வீசும். தெற்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி, ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே இறங்கினால் 750 கிலோமீட்டருக்கு மேல் வரும். திருச்சி, மதுரை வழியாகப் போனால் தூரம் குறையும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். குறையும்தான். ஆனால் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் லாரிக் காற்றை வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு ருசியில்லை.

நாங்கள் ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு பணம் தருவதாகத் தெரிந்தவர்களும் அலுவலகத்தாரும் அக்கம்பக்கத்தாரும் வாக்குக் கொடுப்பார்கள். சேரும் பணம், வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் அறையெடுத்துத் தங்குகிறவர்களின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். ஆகவே இது நம் ஆசைக்கு ஓட்டுகிற ஓட்டம் மட்டும் ஆகாது. பரங்கிப்பேட்டை அருகே ஒரு கம்பி முறிந்து ஒருவன் நின்றுவிட்டால் அத்தனை பேரும் நிற்கவேண்டும். பிறர் கொடுத்த வாக்கும் அங்கேயே நிற்கும். அதனால்தான் சக்கரத்தின்மேல் இவ்வளவு பிடிவாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 700சி சக்கரம், 28 டயர் என்றால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். கன்னியாகுமரி போய்ச் சேர்வதற்குள் அது மூன்றரை லட்சம் தடவை சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும்போது தன் இழுப்பில் கொஞ்சம் இழந்து, மேலே போகும்போது திரும்பப் பெறுகிறது. மூன்றரை லட்சம் தடவை தளர்ந்து, மூன்றரை லட்சம் தடவை இறுகும். கம்பி முறிவது பாரம் தாங்காமல் அன்று. இந்தத் தளர்வும் இறுக்கமும் மாறி மாறி வந்து களைத்துப்போய், ஹப்பின் ஓட்டையில் வளைந்து நுழைகிற கழுத்தில் முறியும். நடுவில் முறிந்த கம்பியைக் காண்பது அரிது.

இதையெல்லாம் எனக்கு ஒழுங்காகப் புரியவைத்தவர் ஜோப்ஸ்ட் பிராண்ட். அமெரிக்கப் பொறியாளர், 1935இல் பிறந்து 2015இல் மறைந்தார். வேலைக்கு இயந்திரவியல், வாழ்க்கைக்கு சைக்கிள் என்று இருந்தவர். ஆண்டுதோறும் ஆல்ப்ஸ் மலைகளில் போய் ஓட்டியவர். 1981இல் அவர் எழுதிய ‘தி பைசிக்கிள் வீல்’ சக்கரத்தைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட நூல். சக்கரம் தன் கீழ்க்கம்பிகளின்மேல் நிற்கிறது என்று அதில் சொன்னார். வாளியைக் கயிற்றில் கட்டியதுபோல ஹப் மேல்கம்பிகளில் தொங்குகிறது என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. நான் பிராண்டின் பக்கம். பாரம் ஏறும்போது மேல்கம்பிகளில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மாறுவது அடியிலுள்ள சில கம்பிகள் மட்டுமே. இழுத்துக் கட்டிய இழுப்பிலிருந்து அவை விட்டுக்கொடுப்பதுதான் பாரத்தைத் தாங்கும் வேலை. அப்படியானால், முதலில் போதுமான இழுப்பு இருந்தால்தானே விட்டுக்கொடுக்க முடியும்? தொளதொளவென்று கட்டிய சக்கரம் சாலைக்கு இதமாக இருக்கும் என்பவர்கள் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லவேண்டும்.

பின்சக்கரத்தில் இன்னொரு சிக்கல். வலப்பக்கம் கியர்ப் பற்சக்கரங்களுக்கு இடம் விடவேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கத்துக் கம்பிகள் நன்றாகச் சரிந்து நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்கவேண்டுமானால் வலப்பக்கத்தை மிக இறுக்கவேண்டும், இடப்பக்கத்தைத் தளர்த்தவேண்டும். பிறவியிலேயே சமனில்லாத சக்கரம் அது. ஓட்டுகிறவன் எடையில் பெரும்பகுதியும் கேரியர் பைகளின் எடை முழுவதும் அதன்மேல்தான். முன்சக்கரத்தை யாரும் கட்டிவிடலாம். ஒருவர் கையின் தரம் தெரியவேண்டுமானால் அவர் கட்டிய பின்சக்கரத்தைப் பார்க்கவேண்டும்.

எங்கள் குழுவிலேயே ஒருவனிடம் இருபது கம்பிக் கார்பன் சக்கரம் இருக்கிறது. அழகான பொருள், மறுக்கவில்லை. முழுதும் நிரப்பிய கேரியர் பைகளோடு மரக்காணம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்! இருபதில் ஒன்று போனால் ரிம் ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசும். சக்கரம் சுற்றவே சுற்றாது. முப்பத்தாறில் ஒன்று போனால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அடுத்த ஊர்வரை போய்விடலாம். வேறொருவன், எந்திரம் கட்டுகிற சக்கரம் இப்போதெல்லாம் மனிதக் கையைவிட நேராக இருக்கிறது என்பான். நேராக இருப்பது உண்மை. நேராக இருப்பதும் ஒத்த இழுப்பில் இருப்பதும் வேறு வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு கம்பி அளவுக்கு மிஞ்சி இறுகி, பக்கத்துக் கம்பி சோம்பி நின்றாலும் ரிம் நேராகவே ஓடும், கொஞ்ச நாளைக்கு.

இனி, எங்கள் சக்கரங்களின் கோணலை நிமிர்த்தும், அதாவது கோட்டம் எடுக்கும், பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய கடை. போர்டு கிடையாது. எங்கள் குழுவின் சக்கரங்கள் அத்தனையும் அவர் கையில் போய்த்தான் வரும். “பாய், எவ்ளோ நேரம் ஆகும்?” என்று கேட்டால், “காலையில குடுத்தா சாயங்காலம் வா. அவசரம்னா வேற கடை பாரு தம்பி” என்பார். குரலில் கோபம் இருக்காது.

டயரையும் டியூபையும் கழற்றி, ரிம்மின் உள்நாடாவையும் எடுத்துவிடுவார். பட்டறை மேசையின் வைஸில் பழைய ரோட்ஸ்டர் ஃபோர்க் ஒன்று தலைகீழாகக் கடிக்கப்பட்டிருக்கும். அதில் சக்கரத்தை மாட்டுவார். மண்ணெண்ணெய்த் துணியால் ரிம்மைத் துடைப்பார். பிறகு சுற்றிவிட்டுச் சும்மா பார்ப்பார். போக்ஸ் சாவியைத் தொடவே மாட்டார். சக்கரம் தானாக நின்றபின் இன்னொரு தடவை சுற்றுவார். எத்தனையோ கடைகளில் சக்கரம் மாட்டியவுடன் சாவி உள்ளே போவதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அந்தச் சும்மா பார்த்தல்தான் முதலில் கண்ணில் படும்.

அடுத்து இடக்கைக் கட்டைவிரலை ஃபோர்க் காலில் ஊன்றி, நகத்தை ரிம்முக்கு மயிரிழை தள்ளி நிறுத்துவார். ரிம் ஒதுங்கும் இடத்தில் நகத்தில் ‘சர்’ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் இரண்டு கோடு. முதலில் மேடு பள்ளத்தை எடுப்பார், பிறகுதான் பக்கக் கோட்டம். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பக்கக் கோட்டம்தான் பிரேக்கில் தெரியும், மேடு பள்ளம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆகவே அதை விட்டே விடுகிறவர்களும் உண்டு. முட்டைபோல் ஓடும் சக்கரத்தில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் போனவர்களின் இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சாவி உள்ளே போனதும் ஒரு கம்பியை மட்டும் திருகமாட்டார். ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடக்கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, வலக்கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, ஓரத்துக் கம்பிகளுக்கு அதிலும் பாதி. ஒரே கம்பியை முழுச் சுற்று திருகுகிறவன் கோட்டத்தை எடுப்பதில்லை. வேறிடத்துக்கு அனுப்பி வைக்கிறான். ஒவ்வொரு திருகலிலும் வேண்டிய அளவுக்குச் சற்று மேலே போய், அந்த மிச்சத்தைப் பின்னால் எடுத்துவிடுவார். கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அங்கேயே எடுக்காவிட்டால் சாலையில் ஏறிய முதல் கிலோமீட்டரில் ‘ணிங், ணிங்’ என்று ஒவ்வொன்றாக அவிழ்ந்து, சாயங்காலத்துக்குள் சக்கரம் பழைய கோணலுக்கு வந்துவிடும். பாய் கட்டிய சக்கரம் முதல் கிலோமீட்டரில் வாய் திறக்காது.

ரிம்மின் இணைப்பு வரும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு மேடு தட்டும். ஒருநாள் நான் அதைக் காட்டினேன். “ஜாயின்ட்டைப் பாத்து பயப்படாத தம்பி. அது பொறப்புலயே இருக்கிற மேடு. அதைத் தொரத்தினா நல்லா இருக்கிற எடமும் கெட்டுடும்” என்றார். பொறியியல் படித்தவர்களும் நீட்டி முழக்கிச் சொல்லும் விஷயம் இது. ரிம்மின் குறையைக் கம்பியால் தீர்க்க முயன்றால் இழுப்பின் ஒற்றுமை போய்விடும். அரை மில்லிமீட்டர் அழகுக்கு ஆசைப்பட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஆயுளைக் கொடுக்கவேண்டிவரும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. இரண்டு கைகளிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, அருகருகே இணையாகப் போகும் கம்பிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பிடித்து, முழங்கை நடுங்க அழுத்துவார். சக்கரம் முழுவதும் ஒரு சுற்று. அங்கங்கே ‘டிக்’ என்று ஏதோ இடம் பிடித்து உட்காரும். கழுத்து வளைவு ஹப் ஓட்டையில் சரியாகப் பதிகிறது. வளைத்தபோது கம்பிக்குள் தங்கிப்போன கெட்ட அழுத்தமும் அந்த ஒரு பிடியில் கழிந்துவிடுகிறது. பிராண்ட் தம் புத்தகத்தில் வரிந்து கட்டிக்கொண்டு வலியுறுத்துவது இதே அழுத்தலைத்தான். பாய் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. தம் உஸ்தாது செய்ததைச் செய்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அழுத்தியபின் ரிம் கொஞ்சம் கலையும். மறுபடி கோட்டம், மறுபடி அழுத்தல். அழுத்தியும் கலையாமல் நின்றால்தான் வேலை முடிந்தது என்று வைஸைத் தளர்த்துவார்.

அதற்கு முன் ஒன்று செய்வார்: நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போவார். வலப்பக்கம் முழுதும் ஒரு சுருதி, இடப்பக்கம் முழுதும் அதைவிட இறங்கிய ஒரு சுருதி. எங்காவது மந்தமாக ஒலித்தால் அந்தக் கம்பிக்குத் திரும்பி வருவார். கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் கல்லால் தட்டித் தட்டி எல்லாக் கண்ணையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவாரே, அதே கவனம், அதே தலைசாய்ப்பு. இழுப்பை அளக்க இப்போது மீட்டர் விற்கிறார்கள். நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். பாய் சுண்டி முடித்த சக்கரத்தை அதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் முள் அசைந்தது கொஞ்சம்தான்.

இப்படிப்பட்ட கைகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் விடை வாடகை சைக்கிள் கடைகளில் இருக்கிறது. மணிக்கணக்கு வாடகை, நோட்டில் பெயர், நேரம், மக்காட்டில் வெள்ளைப் பெயின்டில் எண். அந்தச் சைக்கிள்கள் பட்ட பாடு வேறு எந்தச் சைக்கிளும் படவில்லை. குரங்குப் பெடல் பழகும் பையன்கள் மேட்டிலிருந்து விட்டார்கள். மூன்று பேர் ஏறினார்கள். அரிசி மூட்டை ஏறியது. ராத்திரி திரும்பி வரும்போது பாதி சக்கரங்கள் ஆடிக்கொண்டு வரும். காலையில் கடை திறப்பதற்குள் அவை நேராகவேண்டும். கடையில் சேர்ந்த பையனுக்கு முதல் வருஷம் பஞ்சர், அடுத்தது ஓவராயில், அதற்கும் பிறகுதான் கோட்டம். பாயும் அப்படி ஒரு கடையில் வளர்ந்தவர். நாள்தோறும் கோணல் சக்கரம் வந்து குவிந்த இடம் அது. அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அந்தத் தொழிலுக்கு இருந்ததில்லை. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது ஒரு வியாபாரம் போனது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கூடவே கோட்டம் எடுக்கும் கையும் போனது.

அந்தக் காலத்து ரோட்ஸ்டரின் சக்கரத்தை நான் இன்னமும் ரசிக்கிறேன். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பிரிட்டிஷ் வழக்கம் அது. 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸிலும் அதே கணக்குதான் ஓடியது. பாரம் எங்கே விழும் என்று தெரிந்து எட்டுக் கம்பிகளை முன்னாலிருந்து பின்னால் மாற்றிவைத்த அந்தப் புத்தியை நினைத்துப் பாருங்கள். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஹப்பிலிருந்து நேராக விடாமல் குறுக்குச் சாய்வாகப் பின்னியபின், சக்கரத்தில் நடந்த விவேகமான காரியங்களில் இதையும் ஒன்றாக நான் வைப்பேன். இப்போதைய கடைகளில் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை. கம்பி குறையக் குறைய விலை கூடுகிறது.

இன்று சென்னையில் பளபளப்பான சைக்கிள் கடைகளுக்குக் குறைவில்லை. ஏசி இருக்கிறது, காப்பி இருக்கிறது. பின்சக்கரம் ஆடுகிறது என்று கொண்டுபோய் நிறுத்தினால் சட்டைக் காலரில் கடைப் பெயர் தைத்த பையன் ஒருவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீலை மாத்திடலாம் சார்” என்கிறான். அவனைக் குறை சொல்லமாட்டேன். கோட்டம் எடுக்கப் பழக யாரும் அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. மாற்றுகிற சக்கரத்தில் லாபம், சீர்செய்கிற சக்கரத்தில் கூலி மட்டும்தான். ஆனால் நல்ல ரிம்மும் நல்ல ஹப்பும் குப்பைக்குப் போவதைப் பார்க்கிறபோது வயிறு எரிகிறது.

பிரெவே ஓட்டும் நண்பர்களோடு எனக்கு நீண்ட நாள் வழக்கு ஒன்று உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 600ஐ நாற்பது மணி நேரத்தில் என்று காலக்கெடுவோடு ஓட்டுகிறவர்கள் அவர்கள். அந்த வகையில் பேர்பெற்ற பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ் ஓட்டம் 1891இலேயே தொடங்கியது. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். நற்பணிக்காக நண்பர்கள் சேர்ந்து போகும் பயணம் அவர்களுக்குச் சற்று மெத்தனமாகப் படுகிறது. அங்கே அவனவன் சக்கரம் அவனவனுக்கு. இங்கே மெதுவாக வருகிறவனின் வேகமே குழுவின் வேகம், சோப்ளாங்கியான சக்கரமே குழுவின் சக்கரம். ஆயத்தம் இரண்டு மடங்கு கடுமையாக இருக்கவேண்டியது இங்கேதான் என்பேன். புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே ஞாயிறு விடியலில் மாமல்லபுரம் வரை சேர்ந்து போய்வருவது கால் பழக மட்டும் இல்லை. யார் திடீரென்று பிரேக் பிடிப்பான், யார் பள்ளத்தைக் கைகாட்டாமல் தாண்டுவான், யாருக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றுபோகும் என்று தெரிந்துகொள்ளவும்தான். பேச்சு நின்றுபோனவனுக்கு உடனே கடலைமிட்டாய் கொடுக்கவேண்டும்.

டயர் விஷயத்தில் மட்டும், டியூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் போடுகிறவர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிவரை சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம். அதன் முள் எந்தத் தடித்த டயரையும் தேடிவந்து தைக்கும். ட்யூப்லெஸ்காரர்கள் ஓட்டையை அடைக்க உள்ளே விட்ட பாலோடு அசராமல் போவார்கள்; நாங்கள் ஒவ்வொரு டீக்கடையிலும் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி விரலால் முள் தேடிக்கொண்டிருப்போம். அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அவர்கள் கட்சி ஜெயித்தது. மற்றபடி, சாயல்குடியிலும் வேம்பாரிலும் ஒரு தகரக் கொட்டகையில் தண்ணீர்ச் சட்டியும் உப்புத்தாளும் சொல்யூஷனும் வைத்து உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைக்காரரிடம் காட்டக்கூடியது டியூப்தான். ஒன்று மட்டும் அவரிடம் கிடைக்காது: நம் சக்கரத்தின் அளவுக்கான கம்பி. அவரிடம் இருப்பது ரோட்ஸ்டர் அளவு. ஆகவே வலம், இடம் இரண்டு பக்க அளவிலும் மாற்றுக் கம்பிகளை எடுத்து, ஃபிரேமின் அடிக்குழாயோடு ஒட்டி டேப் சுற்றிவிடுங்கள். எடை தெரியாது. கம்பி வாங்கும்போது நடுவில் மெலிந்ததாக, இரு முனையும் இரண்டு மில்லிமீட்டர், நடு 1.8 என்று கேட்டு வாங்குங்கள். நடு மெலிந்தால் கம்பி நீண்டு கொடுக்கும், கழுத்து தப்பும். தடித்த கம்பிதான் பலம் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

வழியில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம் வரும். அங்கே சைக்கிளை நிறுத்தி ஒரு டீ குடிக்காமல் நான் தாண்டுவதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம் அது. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் சேலையைச் செருகிக்கொண்டு பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. கையுறையும் கண்ணாடியுமாக அந்தச் சாலையில் போகும் நாம், சைக்கிளால் ஒரு சமூகத்துக்கு நல்லது செய்யமுடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேடவேண்டியதில்லை.

நற்பணி ஓட்டங்களின் தரம் பற்றியும் சொல்லியாகவேண்டும். 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பில்லி ஸ்டார் என்பவர் தெரிந்தவர்களைச் சேர்த்து, மொத்தம் 36 பேராகக் கிளம்பியதுதான் பான்-மாஸ் சேலஞ்ச். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக இன்றும் ஆயிரக்கணக்கானோர் அதில் ஓட்டுகிறார்கள். நண்பர் குழுவாகத் தொடங்கியதில்தான் அதன் உயிர் இருந்தது. இங்கே இப்போது நான் பார்ப்பது வேறு. ஒரு நிகழ்ச்சிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். கொடியசைக்க வேண்டிய பிரமுகர் வந்தபோது எட்டரை. வெயில் ஏறியபின் அத்தனை பேரையும் சாலையில் இறக்கிவிட்டார்கள். மேடை, பொன்னாடை, டி-ஷர்ட், பதக்கம், ட்ரோன் படம் என்று போன செலவு, நோயாளிக்குப் போன பணத்தை நெருங்கியிருக்கும் என்று அஞ்சுகிறேன். எங்கள் குழுவில் விதி ஒன்றே: சாப்பாடு, தங்கல், சக்கரம் எல்லாம் அவரவர் சொந்தக் காசு. வாக்காக வந்த பணத்தில் டியூப் ஒன்றுகூட வாங்கக்கூடாது. கணக்கைப் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதி அனுப்பிவிடவேண்டும். இந்த ஆயத்தம் சரியாக இல்லாத குழுவோடு நான் போவதில்லை.

மற்ற ஆயத்தங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புது சீட்டு, புதுச் செருப்பு, புது உணவு எதையும் பயண நாளில் தொடங்காதீர்கள். செயினைப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மாற்றுங்கள். பற்சக்கரத்தோடு அது பழகவேண்டும். ஹப்பின் கோனை நீங்களே இறுக்கப் பார்க்காதீர்கள். கேரியர் பைகளை இரு பக்கமும் எடை பார்த்துக் கட்டுங்கள்.

சக்கரத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். மார்கழிக்குள் உங்கள் ஊரில் கோட்டம் எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். பழைய வாடகைக் கடை இருந்த தெருவில் விசாரித்தால் கிடைப்பார். சக்கரங்களைக் காலையில் கொடுத்துவிட்டு, முடிந்தால் ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். குழுவின் இளையவன் எவனையாவது கூட்டிப்போங்கள். அவர் அனுமதித்தால் அவன் கையில் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலி எதுவானாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.